ஜிரோனே: இத்தாலியின் மூன்றாம் அடுக்குக் கால்பந்தில் வழங்கும் ஒரு சொல்லும் அதற்குரிய தமிழும்

இத்தாலியத் தொழில்முறைக் கால்பந்தின் மூன்றாம் அடுக்கான சீரீ சி-யைப் பற்றிய செய்தி எதை எடுத்தாலும், அணியின் பெயருக்கு அடுத்தபடியாக எதிர்ப்படும் சொல் ‘ஜிரோனே’ என்பதாகும். அந்த அடுக்கின் அணிகளைப் பகுத்து வைத்திருக்கும் தொகுதிகளுள் ஒன்றை அது குறிக்கிறது. ஓர் அணி ஜிரோனே ஏ-யில் ஆடுகிறதா, பி-யில் ஆடுகிறதா, சி-யில் ஆடுகிறதா என்பதைச் சொல்லாமல் அந்த அடுக்கின் ஒரு பருவத்தை விவரிக்கவே முடியாது. தமிழில் இதைப் ‘பிரிவு’ என்றோ ‘குரூப்’ என்றோ எழுதிக் கடந்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் சீரீ ஏ, சீரீ பி, சீரீ சி ஆகியவற்றையும் நாம் முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்றே எழுதுவதால், ‘மூன்றாம் பிரிவின் சி பிரிவு’ என்பது போன்ற தொடர்கள் உருவாகி, எது அடுக்கைக் குறிக்கிறது, எது அந்த அடுக்கின் உட்பகுப்பைக் குறிக்கிறது என்று வாசகர் தடுமாற நேர்கிறது. இரண்டும் வெவ்வேறு கருத்துகள். இத்தாலிய மொழி இரண்டுக்கும் வெவ்வேறு சொற்களை வைத்திருப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

‘ஜிரோ’ என்ற இத்தாலியச் சொல்லுக்குச் சுற்று, வட்டம், உலா என்று பொருள். 1909-இல் தொடங்கிய புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயமான ‘ஜிரோ தித்தாலியா’வின் பெயரில் இருப்பதும் இச்சொல்லே; ‘இத்தாலிச் சுற்று’ என்பதே அப்பெயரின் பொருள். கிரேக்கத்தில் வளையத்தைக் குறித்த ‘கூரோஸ்’ என்னும் சொல் இலத்தீனுக்குள் ‘கீருஸ்’ என்று நுழைந்தபோது, குதிரைகளைப் பழக்குவதற்காக வட்டமாக ஓட்டும் தடத்தையும் குறித்தது. அதிலிருந்தே இத்தாலிய ‘ஜிரோ’ வந்தது. இத்தாலியத்தில் ‘ஓனே’ என்பது பெரிய அளவைக் குறிக்கும் பின்னொட்டு. ‘போர்த்தா’ என்றால் கதவு, ‘போர்த்தோனே’ என்றால் பெருவாயிற்கதவு. அவ்வாறே ‘ஜிரோனே’ என்பது சொல்லமைப்பின்படி பெருவட்டம் அல்லது பெருஞ்சுற்று ஆகும். இதன் பன்மை ‘ஜிரோனி’.

விளையாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இச்சொல்லுக்கு இலக்கியத்தில் அழியாத இடம் கிடைத்திருந்தது. இத்தாலியப் பெருங்கவி தாந்தே தம் காவியத்தில் நரகத்தின் ஏழாம் வட்டத்தை, வன்முறை புரிந்தோருக்கு உரியதாக வகுத்து, அதை மூன்று ஜிரோனிகளாகப் பகுக்கிறார்: பிறருக்கு இழைத்த வன்முறைக்கு ஒன்று, தனக்குத் தானே இழைத்ததற்கு ஒன்று, இறைவனுக்கும் இயற்கைக்கும் எதிரானதற்கு ஒன்று. ஒரு வட்டத்தின் உள்ளே அமைந்த உள்வட்டம் என்ற பொருளை அங்கே தெளிவாகக் காணலாம். இத்தாலியப் பள்ளிகளில் தாந்தேயைப் பயிலாதவர் அரிது என்பதால், வலிமைமிக்க அணிகள் பல ஒரே ஜிரோனேயில் விழும்போது விளையாட்டுச் செய்தியாளர்கள் அதை ‘நரக ஜிரோனே’ என்று எழுதினால் அந்நாட்டு வாசகருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. சீரீ சி-யிலும் இன்று மூன்று ஜிரோனிகளே இருக்கின்றன என்பது தற்செயல் ஒற்றுமைதான். எனினும், ஓர் அடுக்கும் அதனுள் மூன்று உட்பகுப்புகளும் என்ற அமைப்பைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய வரிகள் உதவுகின்றன.

கால்பந்தில் இச்சொல் மூன்று பொருள்களில் வழங்குகிறது. மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை என்பதால் அவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலாவது பொருள், தமக்குள் மட்டும் மோதிக்கொள்ளும் அணிகளின் தொகுதி. சீரீ ஏ 1929–30 பருவத்தில் ‘ஜிரோனே ஊனிகோ’ ஆயிற்று. அதாவது நாடு முழுவதற்கும் ஒரே வட்டம் என்ற முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இத்தாலியின் வாகையர் போட்டியே பல ஜிரோனிகளாகப் பிரித்து நடத்தப்பட்டது. 1935-இல் தொடங்கப்பட்ட சீரீ சி-யோ, 1952 முதல் 1958 வரையிலான ஆறு பருவங்களைத் தவிர, எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட ஜிரோனிகளாகவே நடந்துவந்திருக்கிறது. 1978-இல் அது சி1, சி2 என இரண்டு அடுக்குகளாகப் பிளவுபட்டது. 2014-இல் மீண்டும் ஒன்றாகி, மூன்று ஜிரோனிகளில் இருபது இருபதாக 60 அணிகள் என்ற இன்றைய வடிவத்தைப் பெற்றது. 2017-இல் ‘சீரீ சி’ என்ற பழைய பெயர் திரும்பியது. அறுபது அணிகள் ஒன்றோடொன்று மோத ஒரு பருவத்தின் நாள்கள் போதா. சிசிலித் தீவின் சிறு சங்கமொன்று ஆல்ப்ஸ் அடிவாரம் வரை வாரந்தோறும் பயணம் செய்வதற்கு அதன் வருவாயும் இடங்கொடுக்காது. ஆகவே பொதுவாக வடக்கு, நடுப்பகுதி, தெற்கு என்ற நில அடிப்படையில் ஏ, பி, சி என அணிகள் பகுக்கப்படுகின்றன.

ஆயினும் இந்த எல்லைகள் நிலையானவை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும், மேலேறியவர், கீழிறங்கியவர், நிதி நெருக்கடியால் பதிவு செய்ய முடியாமல் போனவர் ஆகியோரைக் கழித்தும் கூட்டியும் வட்டங்கள் புதிதாக வரையப்படுகின்றன. அட்ரியாட்டிக் கரையிலுள்ள பெஸ்காரா 2022–23 பருவத்தில் தென்னக அணிகளுடன் ஜிரோனே சி-யில் ஆடியது. அடுத்த பருவத்திலேயே ஜிரோனே பி-க்கு வந்தது. பெருஞ்சங்கங்களின் இரண்டாம் அணிகளை மூன்று வட்டங்களிலும் பகிர்ந்து வைத்தபோது, 2024–25-இல், வடமேற்கு மூலையிலுள்ள தூரின் நகரத்து யுவென்டஸின் இளையோர் அணி தெற்கத்திய ஜிரோனே சி-யில் இடம்பெற்றது. எனவே ஜிரோனேயை ஒரு நிலப்பகுதியின் பெயராகக் கொள்வதும் பிழையாகிவிடும்.

2023–24 பருவம் இந்த அமைப்பு இயங்கும் விதத்தை நன்கு காட்டுகிறது. மூன்று ஜிரோனிகளிலும் முதலிடம் பெற்ற மாந்தோவா, செசேனா, யூவே ஸ்தாபியா ஆகிய மூன்றும் நேரடியாக சீரீ பி-க்கு உயர்ந்தன. முந்தைய பருவத்தில் கீழிறக்கத்துக்கே ஆளாகி, பிற சங்கங்கள் விட்ட வெற்றிடத்தில் மறுபடி சேர்க்கப்பட்ட மாந்தோவா, அந்த மறுவாய்ப்பைக் கொண்டே தன் வட்டத்தை வென்றது என்பது அடித்தட்டுக் கால்பந்தை நேசிப்பவர் மறக்கக்கூடாத செய்தி. செசேனா 96 புள்ளிகள் குவித்தது. சீரீ பி-க்கு உயரும் நான்காவது இடத்துக்காக, ஒவ்வொரு ஜிரோனேயிலும் இரண்டாம் இடம் முதல் பத்தாம் இடம் வரையுள்ளவை, சீரீ சி கோப்பையை வென்ற அணியையும் சேர்த்து, 28 அணிகள் பருவ இறுதியில் நடக்கும் ‘ப்ளே-ஆஃப்’ ஆட்டங்களில் இறங்கின. ஜிரோனே என்ற வேலி அந்த ஆட்டங்களின் பிந்தைய கட்டங்களில் அகற்றப்பட்டு, வெவ்வேறு வட்டங்களைச் சேர்ந்த அணிகள் நேருக்கு நேர் மோதுகின்றன. ஜிரோனே ஏ-யில் மூன்றாமிடம் பெற்ற விசென்ஸாவும் ஜிரோனே பி-யில் மூன்றாமிடம் பெற்ற கர்ராரேசேயும் இறுதியில் சந்தித்தன. முதல் ஆட்டம் கோலின்றி முடிய, இரண்டாவதில் ஒரே கோலில் வென்ற கர்ராரேசே, பளிங்குக் கல்லுக்குப் பேர்போன கர்ராரா நகரத்தை 1948-க்குப் பிறகு முதன்முறையாக சீரீ பி-க்குக் கொண்டுசென்றது.

இரண்டாவது பொருள் காலத்தைச் சார்ந்தது. இருபது அணிகள் கொண்ட ஜிரோனேயில் ஒவ்வோர் அணிக்கும் 38 ஆட்டங்கள். அவற்றில் முதல் பத்தொன்பதும் ‘ஜிரோனே தி அந்தாத்தா’, அதே எதிரணிகளுடன் களம் மாற்றி ஆடும் அடுத்த பத்தொன்பதும் ‘ஜிரோனே தி ரித்தோர்னோ’. ‘அந்தாத்தா’ என்பது போதல். ‘ரித்தோர்னோ’ என்பது திரும்புதல். இங்கே ஜிரோனே என்பது அணிகளின் கூட்டமாக இல்லாமல், எல்லா எதிரணிகளையும் ஒருமுறை சுற்றிவரும் பயணமாகிவிடுகிறது. முதற்பாதி முடியும்போது முன்னிலையில் இருக்கும் அணியைக் ‘குளிர்கால வாகையர்’ என்று அழைப்பதும், பாய்மரப் படகுப் பந்தயத்தில் மிதவையைச் சுற்றித் திரும்பும் கட்டத்தை நினைவூட்டும் ‘ஜிரோ தி போவா’ என்ற தொடரால் பருவத்தின் நடுப்புள்ளியைக் குறிப்பதும் இத்தாலிய நாளேடுகளின் வழக்கம். ‘சி பிரிவின் முதற்பிரிவு’ என்று மொழிபெயர்த்தால் இவையெல்லாம் பொருளிழந்து போகும்.

மூன்றாவது பொருள் முறையைக் குறிப்பது. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் முறைக்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர் ‘ஜிரோனே அல்லித்தாலியானா’. இத்தாலிய முறையிலான ஜிரோனே என்பது அதன் சொற்பொருள். தோற்றவர் வெளியேறும் முறைக்கு நேர்மாறானது இது. இந்த முறையில் ஓர் அணி பாதியில் மறைந்துவிட்டால் மற்ற எல்லோரின் கணக்கும் குலைகிறது. 2022 ஏப்ரலில் கத்தானியாவும், 2025 மார்ச்சில் தாரந்தோவும் தூரிஸும் ஜிரோனே சி-யிலிருந்து நீக்கப்பட்டபோது நடந்தது அதுவே. அந்த அணிகள் ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் அனைத்தும் அழிக்கப்பட்டு, பட்டியல் புதிதாகக் கணிக்கப்பட்டது. அவற்றை வென்றிருந்த அணிகள் களத்தில் ஈட்டிய புள்ளிகளை இழந்தன. சில அணிகள் நீக்கப்பட்ட அணியோடு இருமுறையும் ஆடி முடித்திருக்க, சில ஒருமுறை மட்டுமே ஆடியிருக்கும் நிலையில், எல்லோரையும் சமமாக நடத்த வேறு வழி இல்லை. ஆயினும் வியர்வை சிந்திப் பெற்ற வெற்றி ஏட்டிலிருந்தே மறைவது ஆட்டக்காரருக்கும் ஊராருக்கும் ஆறாத வருத்தம்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். ‘பிரிவு’ என்ற சொல்லின் குறையை முதலிலேயே கண்டோம். ‘குழு’ என்பது ஆட்டக்காரர்களின் குழுவோடும் நிர்வாகக் குழுவோடும் மயங்கும். ‘தொகுதி’ என்பது குற்றமற்ற சொல். எனினும் அதில் சுற்றிவருதல் என்ற கருத்து சிறிதும் இல்லை. ‘மண்டலம்’ என்ற சொல் என்னை நெடுநேரம் ஈர்த்தது. வட்டம் என்ற பொருளும், தொண்டை மண்டலம், சோழ மண்டலம் என்பவற்றில் உள்ள நிலப்பகுதி என்ற பொருளும், மருந்துண்ணும் நோன்புக் காலத்தைக் குறிக்கும் காலச்சுழற்சிப் பொருளும் அதில் ஒருங்கே அமைந்திருக்கின்றன. ஆனால் விளையாட்டுச் செய்திகளில் ‘தென் மண்டலம்’, ‘வட மண்டலம்’ என்று அது நிலையான நிலப்பகுதிக்கே உரியதாகிவிட்டது. ஆண்டுதோறும் எல்லை மாறுவதும், தூரின் அணியைத் தெற்கில் சேர்க்கக்கூடியதுமான ஜிரோனேக்கு அது பொருந்தாது.

‘வட்டம்’ என்ற சொல்லோ எளியது, எல்லோர் நாவிலும் புழங்குவது. வடிவத்தைக் குறிக்கும் அதே சொல், மாவட்டத்தின் உட்பகுப்பான வருவாய் வட்டத்தையும் குறிக்கிறது. நண்பர் வட்டம், வாசகர் வட்டம் என்று தமக்குள் கூடிப் பழகும் மாந்தரையும் குறிக்கிறது. பெரியதொன்றின் உட்பகுப்பு, தமக்குள் மட்டும் கொண்டுள்ள தொடர்பு ஆகிய இரண்டையும் உணர்த்துவதால், அணித்தொகுதி என்ற முதற்பொருளுக்கு ‘வட்டம்’ என்பதே தகுந்த சொல் என்பது என் துணிபு. காலப்பொருளில் வரும் இடத்துக்குச் ‘சுற்று’ என்பது இயல்பானது. ஆனால் ‘முதல் சுற்று’ என்பது தோற்றவர் வெளியேறும் போட்டிகளின் தொடக்கக் கட்டத்துக்கு ஏற்கெனவே வழங்குவதால், ‘முன்சுற்று’, ‘பின்சுற்று’ என்று எழுதுவது மயக்கம் தவிர்க்கும். முறையைக் குறிக்கும்போது ‘சுழல்முறை’ எனலாம். ஒரே இத்தாலியச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச்சொற்களா என்று கேட்கலாம். அந்த ஒரு சொல் மூன்று வேலை செய்கிறது என்பதால் அவ்வாறு பிரிப்பதே நேர்மையானது. ‘சீரீ’ என்பதற்கு ‘அடுக்கு’ என்று வைத்துக்கொண்டால் அடுக்கும் வட்டமும் ஒருபோதும் மயங்கா. ஏ, பி, சி என்ற எழுத்துகளை மட்டும் மாற்றாமல் வைப்பது நல்லது. இத்தாலியப் புள்ளிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் வாசகருக்கு அது உதவும்.

இச்சொற்களைக் கொண்டு 2024–25 பருவத்தை இவ்வாறு எழுதலாம்: சுழல்முறையில் நடந்த மூன்றாம் அடுக்குப் போட்டியில், ஏ வட்டத்தைப் பாதோவாவும், பி வட்டத்தை விர்த்துஸ் என்தெல்லாவும், பின்சுற்றின் நடுவே இரண்டு அணிகள் நீக்கப்பட்டுப் பதினெட்டு அணிகளாகச் சுருங்கிய சி வட்டத்தை அவெல்லீனோவும் வென்றன, வட்டங்களைக் கடந்து நடந்த ப்ளே-ஆஃப் இறுதியில், பி வட்டத்தைச் சேர்ந்த பெஸ்காரா அதே வட்டத்தின் தெர்னானாவைப் பெனால்டி உதைகளில் வீழ்த்தி இரண்டாம் அடுக்குக்கு உயர்ந்தது.