பயோபிளிட்ஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

வல்லுநர்களும் அக்கம்பக்கத்து மக்களும் ஒரு பூங்காவுக்குள் இறங்கி, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், கண்ணில் படும் செடி, பூச்சி, பறவை, காளான் என எல்லா உயிர்களையும் பதிவு செய்வதற்குப் பெயர் பயோபிளிட்ஸ்.

சொல் பிறந்த இடமும் ஒரு நகரப் பூங்காதான். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், அல்லியும் தாமரையும் நிறைந்த கெனில்வொர்த் பூங்காவில் 1996-இல் இப்படி ஒரு பதிவு நடந்தது. ஏறக்குறைய 1,000 இனங்கள் பட்டியலில் சேர்ந்தன. தேசியப் பூங்காத் துறையைச் சேர்ந்த சூசன் ரூடி வைத்த பெயர் இது.

'பயோ' கிரேக்கம், உயிர் என்று பொருள். 'பிளிட்ஸ்' ஜெர்மன், மின்னல். ஆனால் அந்த மின்னல் ஆங்கிலத்துக்குள் வந்தது போர் வழியாக. ஜெர்மானியப் படையின் திடீர்த் தாக்குதலை 'மின்னல் போர்' என்றார்கள். 1940-41இல் லண்டன் மீது விழுந்த குண்டுமழைக்கும் பிளிட்ஸ் என்றே பெயர். அப்புறம்தான் குறுகிய நேரத்தில் முழுமூச்சாகச் செய்யும் எந்த வேலைக்கும் அது பொதுவானது.

சரி, தமிழில்? 'அதிரடி' என்றால் வேகம் வந்துவிடும். ஆனால் அதிரடியாக நுழைந்தால் ஒரு தவளைகூடக் கண்ணில் படாது. பலரும் எழுதுவது 'உயிரினக் கணக்கெடுப்பு'. எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கெடுப்பு என்பது தலைகளை எண்ணுவது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் மைனா எத்தனை, காகம் எத்தனை என்று உண்மையிலேயே எண்ணுகிறோம். அங்கே அந்தச் சொல் பொருத்தம். இங்கே முதல் கேள்வி எத்தனை என்பதல்ல, எவையெவை என்பது.

வேலியோரத்து எருக்கஞ்செடியில் ஓர் இலையைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழு ஒன்று இலையைக் கடித்துக்கொண்டிருக்கலாம். உடம்பில் மூன்று இணை கறுப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. இலையைக் கிள்ளாமல் ஒரு படம் எடுத்து, நாளும் இடமும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால், எங்கோ இருக்கும் இன்னொருவர் பார்த்துப் பெயரை உறுதி செய்வார். அந்தப் பூங்காவில் அந்த நாளில் அந்த உயிர் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. இதைப் பதிவு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பல்லுயிர் என்ற சொல் பள்ளிப் பாடம்வரை பழகிவிட்டது. அதனால் 'பல்லுயிர்ப் பதிவு நாள்' என்பது என் பரிந்துரை. இரண்டு மணி நேரம் நடந்து பார்ப்பது மட்டும் என்றால், மரபு நடை போலப் 'பல்லுயிர்ப் பதிவு நடை'. போர் வாடை போய்விடுகிறது. வேகத்துக்கு 'நாள்' என்ற எல்லையே போதும். "ஞாயிறு காலை 6 மணிக்குப் பல்லுயிர்ப் பதிவு நடை, பூங்கா வாசலில் கூடுவோம்" என்று அறிவிப்பு எழுதிப் பாருங்கள். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.