ஒளியூட்டுச் சுவடியும் கொடிக்கருக்கும்

கையெழுத்து நூல்களின் பக்கங்களைப் பொன்னாலும் வண்ணங்களாலும் அணிசெய்யும் கலை மேலைநாடுகளில் ‘இலுமினேஷன்’ எனப்படுகிறது. ஒளியைக் குறிக்கும் ‘லூமென்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்த ‘இல்லுமினாரே’, அதாவது ஒளிபெறச் செய்தல், என்னும் வினையே இதன் வேர். ‘படச்சுவடி’ என்று இதனைப் பெயர்த்தால், கதை சொல்லும் படத்துக்கும் எழுத்தை அணிசெய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே கலையை ‘ஒளியூட்டல்’ என்றும் நூலை ‘ஒளியூட்டுச் சுவடி’ என்றும் வழங்குவதே தக்கது.

ஐரோப்பாவில் பிறந்த இச்சொல், மானி சமயத்தாரின் சுவடிகளுக்குப் பொருந்துவது போல் வேறெவற்றுக்கும் பொருந்தாது என்பது என் துணிபு. இச்சமயத்தை நிறுவி, 3ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் (இன்றைய ஈராக்கில்) வாழ்ந்த மானியைப் பாரசீக மரபு பெரும் ஓவியராகவே போற்றுகிறது. ஒளியின் துகள்கள் இருளோடு கலந்து, சிறப்பாகச் செடிகொடிகளில், சிறைப்பட்டுள்ளன என்று அவர் போதித்தார். அவர்தம் துறவிகள் செடியைக் கிள்ளுவதையும் பாவமாகக் கருதினர். அடியவர் கொணர்ந்த கனிகளை உண்பதால் அவற்றிலுள்ள ஒளி விடுதலை பெறும் என்று நம்பினர். அத்தகையோர் ஏட்டில் தீட்டிய பூவை வெறும் அணி என்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

1902 முதல் 1914 வரை ஜெர்மானிய ஆய்வுக் குழுக்கள் சீனாவின் வடமேற்கிலுள்ள துர்பான் பகுதியிலிருந்து கொண்டுசென்ற மானி சமய ஏடுகள் பெர்லினில் உள்ளன. உய்குர் என்னும் துருக்கிய இனத்து அரசர்களின் ஆதரவில் உருவான இவை பெரும்பாலும் கிழிந்த துண்டுகளே. ஆயினும் மேல் விளிம்பில் வண்ண மையில் எழுதிய தலைப்பைச் சுற்றிச் சுருண்டோடும் கொடிகளும், அவற்றில் விரிந்த மலர்களும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. ஓர் ஏட்டில், வெண்ணிற உடையணிந்த எழுத்தர்கள் பூத்த மரங்களின் அருகே வரிசையாக அமர்ந்திருக்கின்றனர்.

இவ்வேலையை ‘மலர் அலங்காரம்’ என்றால் தொடுத்த பூக்களே நினைவுக்கு வரும். ‘பூவேலை’ என்றால் துணியில் இழைத்த தையல் தோன்றும். கோயிற் கல்லில் இலையும் பூவுமாக நெளிந்தோடும் கொடியைக் குறிக்கும் ‘கொடிக்கருக்கு’ என்னும் சொல்லே இங்கு மிகச் சரியானது. ‘கருக்கு’ என்பது பனைமட்டையின் பல்போன்ற கூரிய விளிம்பையும் நுணுக்கமான செதுக்கு வேலையையும் குறிக்கும். தண்டின் ஓட்டமின்றித் தனித்து நிற்கும் மலருக்கு மட்டும் ‘பூவேலை’ என்பதையே வைத்துக்கொள்ளலாம்.