மரச்செதுக்கு அச்சோவியம்: ‘வுட்கட்’டுக்கு என்ன தமிழ்?

மரப்பலகையைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்சிட்டு எடுக்கும் படத்தை ஓவியர்கள் ‘வுட்கட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். ‘மரவெட்டு’ என்றால் யாரோ தோப்பை அழிக்கிறார்கள் என்று தோன்றும். ‘மரச்செதுக்கு’ என்று நிறுத்தினால் வேலைப்பாடுள்ள நிலைக்கதவு நினைவுக்கு வரும். ‘கட்டை அச்சு’ என்றாலோ துணியில் பூப்போடுகிற வேலை. ஆனால் நாம் சுவரில் மாட்டிப் பார்ப்பது காகிதத்தை. மரம் பட்டறையிலேயே நின்றுவிட்டது.

ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் மரம், வெட்டு. ஜெர்மன் மொழியின் ‘ஹோல்ட்ஸ்ஷ்னிட்’டும் அதேதான். இரண்டிலும் காகிதத்துக்கு இடமில்லை. தமிழில் அந்தக் குறையை ‘அச்சு’ தீர்த்துவைக்கும்.

‘செதுக்கு’ ஏன் சரி என்பதற்கு வேலையைப் பார்க்க வேண்டும். நெடுக்குவாட்டில் அறுத்த பலகை. வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் கத்தியாலும் உளியாலும் எடுத்துவிடுவார்கள். மிஞ்சி நிற்கும் மேட்டில் மை தடவி, காகிதம் வைத்து அழுத்தினால் மேடு கறுப்பாக விழும். வாசலில் புல் செதுக்குகிறோமே, அதுவும் வேண்டாததைச் சீவி எடுப்பதுதான். இங்கே ஓவியர் கோடு போடுவதில்லை. கோட்டைச் சுற்றியிருப்பதை அகற்றுகிறார்.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். 1919 ஜனவரி 15-இல் பெர்லினில் ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்னெக்ட் கொல்லப்பட்டார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் பிணவறைக்குப் போய் அவரை வரைந்தார். அதை வைத்து, உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்துக் கோடு எடுக்கும் எட்சிங் முயன்றார், கல்லச்சு முயன்றார். இரண்டும் மனத்துக்கு நிறைவாக இல்லை. சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாஹின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகுதான் உளியை எடுத்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1920-இல் முடிந்த அந்தப் படத்தில் போர்த்திய உடல் வெள்ளையாகக் கிடக்கிறது. மேலே தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் குனிந்திருக்கிறார்கள். முன்னால் ஒருவர் முதுகு வளைந்து, பெரிய கையை உடல்மேல் வைத்திருக்கிறார். முகங்களுக்குச் சில வெள்ளைக் கீறல்களே போதுமாக இருக்கின்றன. எட்சிங்கின் மெல்லிய கோடுகளில் இந்தக் கனம் வந்திருக்காது என்பது என் எண்ணம். அடியில் ‘இருப்பவர்கள் இறந்தவனுக்கு’ என்ற பொருளில் ஒரு வரி உண்டு. காகிதத்தில் நேராக விழ, அதைப் பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மரத்தைக் குறுக்காக அறுத்த முகப்பில், நுண்ணிய ஊசியுளியால் கீறுவது ‘வுட் என்கிரேவிங்’. பழைய புத்தகங்களில் மயிர்க்கோடுகளோடு வரும் படங்கள் பல அந்த வகை. அதற்கு ‘மரப்பொறிப்பு’ என்று தனிப்பெயர் கொடுத்துவிடலாம்.

ஆக, முழுப்பெயர் ‘மரச்செதுக்கு அச்சோவியம்’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். கட்டுரையில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் ‘மரச்செதுக்கு’ என்று சுருக்கலாம். படத்துக்குக் கீழே மட்டும் சுருக்க வேண்டாம்: கேத்தே கோல்விட்ஸ், 1920, மரச்செதுக்கு அச்சோவியம். மை தடவிய மரத்துக்கு ‘அச்சுப் பலகை’ என்ற பெயரே போதும்.