ஏழு நிமிடம் முந்திய போன்

பெங்களூரு அல்சூரில் பெரியப்பா வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் ஏழு நிமிடம் முன்னால்தான் ஓடும். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிடக் கூடாது என்று பெரியம்மா செய்த ஏற்பாடு. அந்தப் பழக்கத்தில் பெரியப்பா தன் போனிலும் அதே ஏழு நிமிடத்தைக் கூட்டி வைத்திருந்தார். போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவர் கொஞ்சம் பிட்காயின் வாங்கி வைத்திருந்த வர்த்தகத் தளத்துக்குள் நுழைய முடியவில்லை. தளம் திறந்தது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. பாஸ்வேர்டுக்கு அடுத்த பூட்டாக, ஆத்தென்டிகேட்டர் என்ற செயலி போனில் காட்டிய ஆறு இலக்க எண்ணைப் போட்டால் மட்டும் 'தவறான குறியீடு' என்றது. ஐந்து முறை போட்டுப் பார்த்திருக்கிறார். கணக்கு பூட்டிக்கொண்டது.

"தம்பி, என் காசெல்லாம் போச்சாடா?"

"எங்கேயும் போகல பெரியப்பா. எதையும் அமுக்காம வைங்க, நான் வந்துடறேன்."

ஒயிட்ஃபீல்டில் எனக்கு நெட்வொர்க் வேலை. இப்படி ஏதாவது நின்றுபோனால் நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: எந்த இடம் வரை போயிற்று, எங்கே நின்றது? பெரியப்பா கடைசி வாசல்வரை போய்விட்டார். அப்படியானால் இணையத்தில் குறையில்லை, தளத்திலும் குறையில்லை. அந்த ஆறு இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஓடிபி போல, அதையும் நிறுவனம் அனுப்புகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள், எண் மாறிக்கொண்டேதான் இருக்கும். யாரும் எதையும் அனுப்புவதில்லை. முதன்முதலில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது ஒரு ரகசியச் சாவி உங்கள் போனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதே சாவி நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கிறது. அதன்பிறகு இருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தைப் பார்த்து ஒரே கணக்கைப் போடுகிறார்கள்.

கணக்கு இப்படி. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி ஓடியிருக்கிறது என்று எண்ண வேண்டும். 2023 நவம்பர் 15 அதிகாலை, நம் நேரப்படி 3 மணி 43 நிமிடம் 20 நொடிக்கு, அது சரியாக 170 கோடியைத் தொட்டது. அதை 30ஆல் வகுத்து மீதியை விட்டால் 5,66,66,666. இந்த எண்ணையும் ரகசியச் சாவியையும் சேர்த்து திரும்பப் பிரிக்க முடியாதபடி கலக்கிவிடும் ஹாஷ் என்ற கணக்கில் போட்டு அரைத்தால், வழக்கமான முறையில் 160 பிட் நீளமுள்ள ஒரு கலவை வரும். அதில் ஒரு துண்டை எடுத்து, அதன் கடைசி ஆறு இலக்கத்தை மட்டும் திரையில் காட்டுகிறது செயலி. முப்பது நொடி கழிந்ததும் 5,66,66,667 என்று ஒன்று கூடும். ஒன்றே ஒன்று கூடினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும், ஆறு இலக்கமும் அடையாளம் தெரியாமல் புதிதாக வரும். 2011இல் தரமாக வெளியான முறை இது. பேசிக்கொள்ளாமலே இரண்டு இயந்திரங்கள் ஒரே விடைக்கு வருவது எனக்கு இன்றைக்கும் அழகாகத்தான் தெரிகிறது.

ஆனால் இரண்டு பேரின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். தட்டச்சு செய்ய நேரமாகும் என்பதால், பொதுவாக சர்வர் ஒரு படி முன்பின்னாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். பெரியப்பாவின் போனோ ஏழு நிமிடம், அதாவது 420 நொடி, முப்பது நொடிக் கணக்கில் 14 படி முந்தியிருந்தது. அவர் போட்டது தவறான எண்ணே இல்லை. ஏழு நிமிடம் கழித்து வர வேண்டிய சரியான எண்!

கையால் மாற்றாவிட்டாலும் கடிகாரம் தானே நழுவும். போனுக்குள் நேரத்தை எண்ணுவது நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் துண்டு. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால்கூட, நாளுக்கு ஒன்றே முக்கால் நொடி, மாதத்துக்கு ஏறக்குறைய 50 நொடி. இதனால்தான் போன் அவ்வப்போது மொபைல் நெட்வொர்க்கிடமும் இணையத்திலுள்ள நேர சர்வர்களிடமும் மணி கேட்டுத் திருத்திக்கொள்கிறது. நேர சர்வரிடம் கேட்கும்போது, கேள்வி போகவும் பதில் வரவும் ஆகும் நேரத்தையும் அளந்து, அதில் பாதியை வந்த மணியோடு கூட்டிக்கொள்ளும் முறை அது. டேவிட் மில்ஸ் 1985இல் வகுத்துக் கொடுத்தது. 'தானியங்கி நேரம்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால் இந்தத் திருத்தமெல்லாம் நின்றுபோகும்.

துபாயிலிருந்து வந்தவர்களுக்கும் இது நேரும். நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றாமல், மணியை மட்டும் கையால் ஒன்றரை மணி நேரம் கூட்டிவைத்தால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே இருக்கும் உலகப் பொது நேரம் மட்டும் ஒன்றரை மணி நேரம் முந்திவிடும்.

சரி, தளமே திறக்கவில்லை என்றால்? அப்போது முதல் வாசலைப் பார்க்க வேண்டும். நீங்கள் அடிக்கும் பெயரை பிரவுசர் ஐபி முகவரி என்ற எண் முகவரியாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிஎன்எஸ், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த பெயர்ப் பட்டியல். பட்டியல் பல இடங்களில் நகலாக இருக்கும், சில நகல் பழையதாகவும் இருக்கும். வீட்டு வைஃபையில் வராத தளம் மொபைல் டேட்டாவில் வந்தால், பெரும்பாலும் கோளாறு உங்கள் ரூட்டரிலோ இணைய நிறுவனத்திலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டிலும் வரவில்லை, ஆனால் வேறு நாட்டில் இருக்கும் தங்கைக்குத் திறக்கிறது என்றால் அது தடையாக இருக்கலாம். 2023 டிசம்பர் 28 அன்று மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு, இங்கே பதிவு செய்யாமல் செயல்பட்ட ஒன்பது வெளிநாட்டு கிரிப்டோ நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றின் தளங்களை முடக்கவும் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே பலருக்குத் தளங்கள் திறக்கவில்லை, செயலிகளும் ஆப் ஸ்டோரிலிருந்து நீங்கின. அவற்றில் பைனான்ஸும் குகாயினும் 2024லேயே அபராதத்துக்கு உட்பட்டு, பதிவு செய்துகொண்டு திரும்பின.

பூட்டுக் குறி போட்ட பாதுகாப்பான இணைப்பை எப்படித் தடுக்க முடிகிறது என்று கேட்பார்கள். ஒரு வழி, பெயர்ப் பட்டியலில் பொய்யான பதில் கொடுப்பது. இன்னொன்று, இணைப்பின் முதல் வணக்கத்தைப் பார்ப்பது. கடிதத்துக்குள் இருப்பது மறைந்திருந்தாலும், எந்தத் தளத்துக்குப் போகிறது என்ற பெயர் வழக்கமாக உறையின் மேலேயே திறந்து எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்து இணைப்பைத் துண்டிக்கலாம். விபிஎன் போட்டு, வேறு ஊர் சர்வர் வழியாகச் சுற்றிப் போகலாமே என்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், காலையில் பெங்களூரு, பகலில் ஆம்ஸ்டர்டாம் என்று இடம் மாறும் கணக்கைத் திருட்டுக் கணக்கு என்று சந்தேகித்துத் தளமே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

சில நாள் உங்கள் பக்கம் குறை இருக்காது, தடையும் இருக்காது. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா தரவு மையப் பகுதியில் ஒரே ஒரு டிஎன்எஸ் பதிவு காலியாகிப் போனதில் தொடங்கிய கோளாறு, காயின்பேஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளம் உட்பட எத்தனையோ சேவைகளைப் படுக்க வைத்தது. அன்றைக்கும் பிட்காயின் வலையமைப்பு சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, என்ற கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வர்த்தகத் தளம் ஒரு கவுன்டர் மாதிரி, கவுன்டர் மூடினால் அந்தத் தொகுப்புகளின் சங்கிலியான பிளாக்செயின் நின்றுவிடாது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: தளத்தில் உங்கள் பெயருக்கு நேராகத் தெரிவது அந்த நிறுவனத்தின் பேரேட்டில் இருக்கும் எண். நாணயத்தை வேறிடத்துக்கு மாற்றத் தேவையான சாவி (ஆத்தென்டிகேட்டர் சாவி அல்ல, இது வேறு) அவர்களிடம்தான் இருக்கிறது.

'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வந்தால் மறுபடி கடிகாரத்துக்கே வர வேண்டும். தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உள்ளே பேட்டரி செத்துப்போன பழைய கணினி சில வருஷம் பின்னால் போய் நின்றிருந்தால், அதன் கண்ணுக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் 'தொடர்க' என்பதை அழுத்தாதீர்கள். ஓர் எழுத்து மாற்றிய போலித் தளமாக இருக்கலாம்.

நான் அல்சூர் போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா இணையத்தில் தேடிக் கண்டுபிடித்த ஒரு 'கஸ்டமர் கேர்' எண்ணில் பேசிக்கொண்டிருந்தார். திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்லிக்கொண்டிருந்தது மறுமுனை. நான் வாங்கிப் போனை வைத்தேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போக முடியாத பதற்றத்தில் இருப்பவர்களைப் பிடிக்கத்தான் அந்த எண்களை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். கோபம் கோபமாக வருகிறது. உதவி வேண்டுமென்றால் செயலிக்குள்ளேயே தேடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். ஆறு இலக்க எண்ணை யாரிடமும் வாசித்துக் காட்டாதீர்கள்.

தானியங்கி நேரத்தைப் போட்டோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 7:52 என்றிருந்த போன் 7:45க்கு இறங்கியது. பூட்டு விலக ஒரு நாள் ஆனது. ஞாயிறு இரவு முதல் முறையே உள்ளே போய்விட்டார். அப்புறம் அமைப்புகளுக்குப் போய் ஆத்தென்டிகேட்டரைப் புதிதாக இணைத்தோம். க்யூஆர் கோடுக்குக் கீழே எழுத்தும் எண்ணுமாக வந்த ரகசியச் சாவியைப் பெரியம்மா ஒரு தாளில் நிதானமாக எழுதி, இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்து, ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவில் வைத்தார். நாளைக்குப் போன் தொலைந்தாலும் அந்தத் தாளை வைத்து வேறு போனில் அதே எண்களை வரவழைத்துக்கொள்ளலாம்.