ஒரே பாட்டு, வளவில் ஒரு மாதிரி, பந்தலில் ஒரு மாதிரி

காரைக்குடிப் பக்கம் கர்நாடக சங்கீதம் பாடுகிறவர்களுக்கு ஒரே வாரத்தில் மூன்று விதமான இடம் அமையும்: பழைய வீட்டு வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய கூடமும்), கோயில் வாசல் பந்தல், ஏசி மண்டபம். ‘நேற்று வந்த பிருகா (வேகமான சுர உருட்டல்) இன்று வரவில்லையே’ என்று சாதகத்தை, அதாவது பயிற்சியை, குறை சொல்லுமுன் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். கற்பனையாக விரித்துப் பாடும் ஆலாபனையும் நிரவலும் கல்பனாஸ்வரமும் மேடைக்கு மேடை மாறத்தான் வேண்டும்; அது பாடகரின் விருப்பம். அவரைக் கேட்காமலே மாறுபவைதான் சிக்கல்.

வளவில் ஆத்தங்குடி டைல்ஸ் தரை, வழவழவென்று பூசிய சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண்கள். ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றுமே இல்லை. முற்றம் வானம் பார்த்திருப்பதால் அந்த வழியே போன ஒலி திரும்பாது. கூரையுள்ள பக்கம் உட்கார்ந்தால் முழக்கம் கூடும், வேகமான சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் உருக்கள்) ஒன்றோடொன்று ஒட்டிக் குழையும். பாடுமுன் பலமாக ஒரு கைதட்டு தட்டிப் பாருங்கள். ஒலியின் வால் நீண்டால் ஜமுக்காளம் விரிக்கச் சொல்லுங்கள், காலப்பிரமாணத்தை (பாட்டின் வேகத்தை) கொஞ்சம் தளர்த்துங்கள். ஆள் இல்லாத வளவில் பார்த்த மைக் அளவை நம்பக் கூடாது. கூட்டம் உட்கார்ந்ததும் பட்டும் வேட்டியும் உடம்புமாக ஒலியை வாங்கிக்கொள்ளும். குரல் எடுபடவில்லை என்று தோன்றிக் கத்த ஆரம்பிப்பது அப்போதுதான்.

பந்தலில் வேறு தொல்லை. ஜெனரேட்டர் இரைச்சலும் கூட்டத்தின் பேச்சும் காதில் விழுந்தால் நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்டு 1911இல் விளக்கியதால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பாடுகிறவர் தம் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் சரியாக இருந்தால் பாதித் தொல்லை தீரும். அதை மைக்கின் பின்புறம் பார்த்து வையுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஊளையிடும். தெருக்கோடியில் 70 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி சுமார் 0.2 விநாடி தாமதமாகவே காதுக்கு எட்டும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் இழுக்கும். மிருதங்கத்தையும் பக்கத்து மானிட்டரையும் மட்டும் கேளுங்கள்.

மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்துத் தொடங்கி, தார ஸ்தாயிக்கு (மேல் சுரங்களுக்கு) போகும்போது ஒரு சாண் விலகலாம். தூரம் இரண்டு மடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ரொம்ப ஒட்டிப் பாடினால் அடிக்குரல் ஊதிப் பெருத்து, சொல் தெளியாது.

மிருதங்கத் தோல் ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும், விளக்குச் சூட்டில் ஏறும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பிய ரவை காய்ந்தாலும் நாதம் மாறும். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி மட்டும் அசையாது. ஆகவே இரண்டு பாட்டுக்கு ஒருமுறை மிருதங்கத்தைச் சுருதியோடு ஒப்பிடக் கால் நிமிடம் கொடுங்கள், சபை பொறுத்துக்கொள்ளும்.

தொண்டைக்கு வருவோம். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்ணின் குரல் நாண்கள் மத்திய ஸட்ஜத்தில் (நடு ‘ஸ’வில்) நொடிக்கு 196 முறை அதிர்கின்றன, தார ஸட்ஜத்தில் (மேல் ‘ஸ’வில்) 392 முறை. மேடையில் குடிக்கும் தண்ணீர் நாண்களைத் தொடாது. அது உணவுக்குழாய் வழியே போகிறது. பகல் முழுக்க அவ்வப்போது குடித்து வருவதே பயன் தரும். கல்யாண வீட்டில் கந்தரப்பத்தையும் காரச் சட்னியையும் மறுப்பது கஷ்டம்தான், ஆனாலும் பாடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இலையை மூடிவிடுங்கள்; புளித்து மேலேறும் அமிலம் நாண்களை வீங்கச் செய்யும். கனைத்துக்கொண்டே இருப்பதும் அவற்றைத் தேய்க்கும், எச்சிலை விழுங்கிப் பாருங்கள். கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் மிளகுக் கஷாயத்தோடு நிற்காமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.