கண்ணால் கேட்கும் கதை

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் வாங்கிக் கட்டாது, அதனால் பழைய ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அந்தப் பஞ்சு நனையும் அளவுக்கு எண்ணெய், ஒரு மெல்லிய திரி, அவ்வளவுதான். கொப்பியில் பாதிப் பக்கம் தெரியும். வீட்டுப்பாடம் முடிந்ததும் இரவல் வாங்கிய கதைப்புத்தகத்தை எடுத்து விளக்கோடு ஒட்டிக்கொண்டு வாசிப்பேன், முன்மயிர் இரண்டொரு தரம் பொசுங்கியும் இருக்கிறது. "கண் கெட்டுப்போகும், மூடி வைச்சிட்டுப் படு மோனை" என்று உள்ளேயிருந்து அம்மம்மாவின் குரல் வரும். "இந்த ஒரு பக்கம் அம்மம்மா" என்பேன். அந்த ஒரு பக்கம் எப்போதும் பத்துப் பக்கமாகும்.

ஏன் அப்படி ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது? அதே வெளிச்சத்தில் அறை மூலையில் கிடக்கும் கதிரை தெரியும், வாசலில் வந்து நிற்பது யார் என்றுகூடச் சொல்லிவிடலாம், எழுத்து மட்டும் பிடிபடாது. வாசிக்கும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்று பிற்காலத்தில் ஆசையோடு தேடிப் படித்தபோது எனக்கு முதலில் கிடைத்த விடை இந்தக் கேள்விக்குத்தான். விழித்திரையின் நடுவில் சின்னதாக ஒரு குழி இருக்கிறது. கையை முழுதாக நீட்டிப் பெருவிரலைப் பார்த்தால், அந்த விரலின் அகலம் அளவுக்குத்தான் அந்தக் குழி கூர்மையாகப் பார்க்கும். மீதிப் பார்வை எல்லாம் கொஞ்சம் கலங்கல்தான், நாம் கவனிப்பதில்லை. அந்தக் குழியின் மையத்தில் இருப்பவை கூம்புக் கலங்கள் மட்டுமே. நுணுக்கம் பார்ப்பதில் அவை கெட்டி, ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். இருட்டுக்குப் பழகிய கோல் கலங்கள் அந்த மையத்தில் இல்லை. இரவில் முற்றத்தில் நின்று மங்கலான ஒரு நட்சத்திரத்தை நேரே பாருங்கள், காணாமல் போகும், சற்றுப் பக்கமாகப் பார்த்தால் திரும்ப வரும். எழுத்தைப் பக்கமாகப் பார்த்து வாசிக்க முடியாது. அதனால்தான் முன்மயிர் பொசுங்கியது.

சரி, இவ்வளவு சின்ன இடத்தால் ஒரு பக்கத்தை எப்படி வாசிக்கிறோம்? வரி வழியே கண் ஊர்ந்து போகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். பாரிசில் கண் மருத்துவராக இருந்த லூயி எமில் ஜவால் 1879 இல் எழுதியது வேறு: கண் தாவித் தாவிப் போகிறது. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் விநாடி நிற்கும், அப்புறம் ஒரு தாவல், மறுபடி நிற்கும். தாவும்போது மூளை பார்வையைக் கிட்டத்தட்ட அடக்கி வைத்துவிடுகிறது, இல்லையென்றால் பக்கம் முழுவதும் கோடுகோடாக இழுபடும். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறிப் பாருங்கள், கண் அசைவதை உங்களால் பார்க்கவே முடியாது, பக்கத்தில் நிற்பவர் பார்ப்பார். இடையிடையே பின்னோக்கியும் தாவுகிறோம். கஷ்டமான வசனம் என்றால் பின்தாவல் கூடும். ஆக நாம் வாசித்து அழுத அத்தனை கதைகளும் விநாடிக்கு நாலு துண்டுகளாகத்தான் உள்ளே வந்திருக்கின்றன. அதை முதன்முதலாக அறிந்த நாளில் எனக்கு நெடுநேரம் வேறெதிலும் மனம் செல்லவில்லை.

துண்டுகளைக் கோர்ப்பது மூளை. இங்கேதான் பெரிய ஆச்சரியம். எழுத்து பிறந்து ஏறத்தாழ 5,000 ஆண்டுதான் ஆகிறது, வாசிப்பதற்கென்று தனியாக ஓர் உறுப்பு பரிணாமத்தில் உருவாக அது போதாது. ஆனாலும் வாசிக்கத் தெரிந்த அநேகமாக எல்லோருக்கும், தமிழோ சீனமோ ஆங்கிலமோ, மூளையின் இடப்பக்க அடியில் ஏறக்குறைய ஒரே இடம் எழுத்தைக் கண்டதும் வேலை செய்கிறது. முதல் தடயம் ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. 1887 இல் பாரிசில் ஒரு வணிகர் திடீரென்று ஒரு நாள் வாசிக்க முடியாமல் போனார். பேசுவார், எழுதுவார், ஆட்களையும் பொருட்களையும் அடையாளம் காண்பார். தான் எழுதியதைத் தானே வாசிக்க மட்டும் முடியவில்லை. எழுத்தின் மேல் விரலை ஓட்டினால் என்ன எழுத்தென்று சொல்லிவிடுவாராம். ஜூல் டெஜரின் என்ற நரம்பியல் மருத்துவர் 1892 இல் இதை வெளியிட்டார். நூறு ஆண்டு கழித்து ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் லோரன் கோஹெனும் மூளைப் படங்களில் அந்த இடத்தைக் குறித்துக் காட்டினார்கள். டெஹேன் சொல்வது இதுதான்: பொருட்களையும் முகங்களையும் அடையாளம் காண இருந்த ஒரு பகுதியை, வாசிக்கப் பழகும் குழந்தை எழுத்துக்காக எடுத்துக்கொள்கிறது. பழைய வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிப் படிப்பறை ஆக்குவது போல.

பழைய அறையின் பழக்கமும் கூடவே வருகிறது. புலி இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் புலிதான், அந்த இரண்டையும் ஒன்றாக எடுப்பது மூளைக்கு இயல்பு. என் மருமகள், தமக்கையின் பிள்ளை, எழுதப் பழகியபோது 'ட'வைத் திருப்பிப் போட்டாள். தமக்கை பயந்துபோனாள். பயப்பட ஒன்றுமில்லை, அந்த வயதில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். இதில் தமிழுக்கென்று ஒரு தனிச் செய்தியே உண்டு. ஆங்கிலத்தில் 'பி'யின் சிறிய எழுத்தைத் திருப்பினால் 'டி' ஆகிவிடும். தமிழில் அப்படி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக நிற்கும் எழுத்துச் சோடி இல்லை. எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ் பேசுவோரிடம் சோதித்து 2003 இல் வெளியிட்ட ஆய்வில், உருவங்களின் கண்ணாடிப் பிம்பத்தை வேறாகப் பிரித்துப் பார்ப்பதில், தமிழ் மட்டும் வாசிப்பவர்கள் எழுத்தறியாதவர்களைப் போலவே இருந்தார்கள். ரோமன் எழுத்தும் தெரிந்தவர்கள்தான் பிரித்துப் பார்த்தார்கள். எந்த எழுத்தில் வாசிக்கிறோமோ அதற்கேற்றபடி நம் பார்வையே மாறுகிறது!

மருமகளுக்கு இப்போது ஆறு வயது. விறாந்தையில் என் பக்கத்தில் இருந்து 'கொக்கு' வாசித்த முதல் நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுண்டுவிரலை வைத்து, "கொம்பு... கானா... அரவு..." என்று ஒவ்வொன்றாகத் தொட்டாள். கண்ணுக்கு முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. காதுக்கோ முதலில் க், பிறகுதான் ஒ. கொம்பைக் கண்டதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குக் காத்திருந்து, அரவையும் சேர்த்து இரண்டு பக்கத்தையும் ஒரே ஒலியாக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது லேசான வேலை அல்ல. கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு "கொக்கு! மாமா, கொக்கு!" என்று கத்தினாள். வளவுக்குள் கொக்கு வந்துவிட்டதோ என்று அவள் தாய் எட்டிப் பார்த்தாள்.

கொக்கில் வரும் க வேறு, தங்கத்தில் வரும் க வேறு, பகலில் நாங்கள் கிட்டத்தட்ட ஹ என்கிறோம். எழுத்து ஒன்றுதான். எந்த ஒலி என்பதைக் கண் சொல்லாது, காதுக்குப் பழகிய மொழிதான் சொல்ல வேண்டும். பழைய ஏடுகளில் இது இன்னும் கடுமை. பெரும்பாலும் எழுத்தின் மேல் குற்று, அதாவது புள்ளி, இருக்காது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது, எரியும் ஏரியும் ஒரே மாதிரி இருக்கும். பாரிஸ் வணிகர் வாசிப்பை இழந்த அதே 1887 இல்தான் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். செல்லரித்த ஏட்டில் இந்த இடத்தில் எகரமா ஏகாரமா என்று முடிவுசெய்ய ஓசைதான் துணை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தளை தட்டும், தவறு தெரியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபோது ஏடுகளும் எரிந்தன. அச்சுக்கு வராத ஏடு என்றால், இன்னும் யாரும் காதால் கேட்டுப் பார்க்காத குரல் அது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறாது.

மௌனமாக வாசிக்கும்போதும் காது சும்மா இருப்பதில்லை. கிளாஸ்கோவில் செய்து 2011 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்கள் கதையை மனதுக்குள் வாசித்தார்கள். பாத்திரம் பேசுவது நேர்க்கூற்றாக வந்த இடங்களில், மனிதக் குரலைக் கேட்பதற்குரிய மூளைப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. அதே செய்தியை அயற்கூற்றில் எழுதியபோது அவ்வளவு இல்லை. நல்ல கதைகாரர்கள் பாத்திரத்தை நேரே பேச விடுவதன் காரணம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

அம்மம்மா அதிகம் படிக்கவில்லை. ஆனால் கந்தபுராணம் முழுவதும் தெரியும், கோயில் புராணபடிப்பில் ஆண்டுக்காண்டு கேட்டது. ஒருவர் ராகத்தோடு பாட்டை வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பாட்டின் பொருள், சொல்வார். பயன் சொல்பவர் வாய் திறக்க முன்னமே அம்மம்மாவின் உதடு அடுத்த சொல்லுக்கு அசைவதை மடியில் படுத்திருந்து பார்த்திருக்கிறேன். 2010 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசனின் குழு, கதை சொல்பவரின் மூளையையும் கேட்பவர்களின் மூளையையும் படம் பிடித்தது. கேட்பவரின் மூளை சொல்பவரின் மூளையைச் சற்றுப் பிந்தித் தொடர்ந்தது. சில பகுதிகளில் மட்டும் கேட்பவர் முந்திக்கொண்டார், அப்படி முந்தியவர்களே கதையை நன்றாக விளங்கிக்கொண்டார்கள். தெரியாத மொழியில் கதை சொன்னபோது இந்த ஒத்திசைவு இல்லாமல் போனது. அதைப் படித்தபோது எனக்கு அம்மம்மாவின் உதடுதான் கண்முன் வந்தது.

கதை வாசித்தால் பிறர் மனம் விளங்கும் என்று 2013 இல் வந்த ஒரு ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது, பிறகு திருப்பிச் செய்து பார்த்த பலருக்கு அது கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் போகட்டும், நான் அதற்காக வாசிப்பதில்லை. அடுத்த வசனத்துக்கு மனம் முந்தி ஓடும் அந்தத் துடிப்புக்காக வாசிக்கிறேன்.

போன கிழமை மருமகள் முதல் தடவையாக வாய்விடாமல் வாசித்தாள். விரல் இல்லை, சத்தம் இல்லை, கண் மட்டும் தாவியது. நரி பேசும் இடம் வந்ததும் உதடு கொஞ்சம் கோணி, புருவம் உயர்ந்தது. "சாப்பிட வா பிள்ளை" என்று உள்ளேயிருந்து தாய் கூப்பிட்டாள்.

"இந்த ஒரு பக்கம் அம்மா" என்றாள்.