கழுத்தில் ‘அடைப்பு’: கரோட்டிட், எண்டார்ட்டெரெக்டமி, ஸ்டென்ட்

ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் தாளில் ‘வலது ஐசிஏ, 70 சதவீதம் ஸ்டெனோசிஸ்’ என்று இருக்கும். ஐசிஏ என்பது கழுத்து வழியே ஏறும் கரோட்டிட் தமனியில் மூளைக்குப் போகும் கிளை. வீடு வந்து சேர்வதற்குள் அது ‘கழுத்தில் அடைப்பு’ ஆகிவிடும். இதய நோயால் பழகிப்போன சொல் அது. இதயத்தில் பொருந்துகிறது, குழாய் அடைபட்டால் அந்தப் பக்கத்துத் தசைக்கு ரத்தம் போகாது. கழுத்தில் அதே சொல் ஆளைத் திசைதிருப்புகிறது. ‘இடது பக்கம் நூறு சதவீதம் அடைச்சிருக்காம், அதுக்கு ஒண்ணும் வேணாங்கிறாங்க, வலது பக்கம் எழுபதுதான், அதுக்கு உடனே ஆபரேஷன்ங்கிறாங்க’ என்று குடும்பத்தார் குழம்புவதற்குக் காரணம் இந்தச் சொல்தான்.

மூளைக்குக் கழுத்து வழியே ஏறும் நான்கு பெரிய தமனிகளும் அதன் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. ஒரு குழாய் மெல்ல மெல்லக் குறுகினால் மற்றவை பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. குழாய்ச் சுவரில் படிந்தது வெடித்து, அதன் துகளோ அதன்மேல் உறைந்த ரத்தமோ பெயர்ந்து ஓட்டத்தோடு மேலே போய் மூளையின் சிறு கிளையை அடைக்கிறது. முழுவதும் மூடிய குழாயில் ஓட்டமே இல்லை. துகளைத் தூக்கிச் செல்ல அங்கே எதுவும் இல்லை. ஆகையால் அதைப் பொதுவாகத் திறப்பதில்லை. எழுபதில் ஓட்டம் உண்டு, வேகமும் உண்டு. ஸ்டெனோசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ‘குறுகல்’ என்றுதான் பொருள். அடைப்பு என்பதை நூறு சதவீதத்துக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதைக் குறுகல் என்றே சொல்வது நல்லது.

கரோட்டிட் என்பதும் கிரேக்கம்தான். ‘காரோஸ்’ என்றால் மயக்கத் தூக்கம். கழுத்தின் இரு பக்கத்துத் தமனிகளையும் அழுத்தினால் ஆள் மயங்கிவிடுவதைக் கண்டு முன்னோர் வைத்த பெயர் என்று எபேசஸ் நகரத்து மருத்துவர் ரூஃபஸ் சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன்பே குறித்திருக்கிறார். மயக்கத்துக்குக் காரணம் தமனி அல்ல, பக்கத்தில் ஓடும் நரம்பு என்றும் அவர் திருத்தினார். பாதி சரி. குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் இந்தத் தமனி இரண்டாகப் பிரிகிறது: ஒன்று மூளைக்கும் கண்ணுக்கும், மற்றது முகத்துக்கும் தலைத்தோலுக்கும். பிரியும் இடத்துச் சுவரில் ரத்த அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் உள்ளன. அங்கே அழுத்தினால் இதயத்துடிப்பு குறையும். படிவு சேர்வதும் அதே கவட்டில்தான். ஓட்டம் அங்கே சுழன்று தேங்குகிறது. (முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்குவதால் வருவது வேறு நோய். அது தமனியின் உட்சுவர் கிழிதல், இளைஞருக்கும் வரும்.)

தமிழில் என்ன சொல்வது? ‘கழுத்துத் தமனி’ புழக்கத்தில் உள்ளது, புரியவும் செய்கிறது. முதுகெலும்பை ஒட்டி இன்னொரு இணைத் தமனி கழுத்து வழியாகவே மூளைக்கு ஏறுகிறது என்பதால் ‘முன்கழுத்துத் தமனி’ என்றால் இன்னும் துல்லியம். தமனி என்பது வடமொழி. ஊதுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘ஆர்ட்டீரியா’ என்ற சொல் மூச்சுக்குழாயையும் குறித்தது. பிணத்தில் தமனி வெறுமையாக இருப்பதைக் கண்டு அதில் காற்று ஓடுவதாக அங்கேயும் நினைத்தார்கள். பக்கவாதத்தில் உள்ள வாதமும் காற்றுதான். இலங்கைத் தமிழில் தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம், பக்கவாதத்துக்குப் பாரிசவாதம். தமிழ்நாட்டில் நாடி என்றால் கையைப் பிடித்துப் பார்க்கும் துடிப்பு. கடல் கடந்து அறிக்கை வாசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

படிவுக்கு ‘அத்திரோமா’ என்ற பெயர் ‘அத்தேரே’யிலிருந்து வந்தது, தானியக் கூழ் என்று பொருள். இந்தப் பெயர் மட்டும் நோயை உள்ளபடி சொல்கிறது: மேலே மெல்லிய மூடி, உள்ளே கூழ். மூடி உடைந்தால்தான் வினை.

சதவீதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. வட அமெரிக்க முறையில், குறுகிய இடத்தின் விட்டத்தை அதற்கு மேலேயுள்ள நல்ல குழாயோடு ஒப்பிடுவார்கள். ஐரோப்பிய முறையில் அதே இடத்தில் குழாய் முதலில் எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் என்று கணித்து ஒப்பிடுவார்கள். முதல் முறையின் 50 சதவீதம் இரண்டாவதில் ஏறத்தாழ 75 ஆகிவிடும். டாப்ளரோ விட்டத்தைவிட வேகத்தைத்தான் நம்புகிறது: துடிப்பின் உச்சத்தில் ரத்தம் நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் 50க்கு மேல், 230ஐத் தாண்டினால் 70க்கு மேல். இரண்டு அறிக்கைகள் முரண்பட்டால் நோய் முற்றிவிட்டது என்று பதறுவதற்கு முன் எந்த முறை என்று கேளுங்கள்.

இனி எண்டார்ட்டெரெக்டமி. எண்டோ உள்ளே, எக்டோமே வெட்டியெடுத்தல். ‘தமனி உட்படல நீக்கம்’ என்பது நேர்ப் பெயர்ப்பு. தவறில்லை, ஆனால் செய்வது வெட்டலைவிட உரித்தல். படிவுக்கும் தமனியின் வெளிச்சுவருக்கும் இடையே ஒரு தளம் கிடைக்கும். அதில் மழுங்கிய கரண்டி போன்ற கருவியை நுழைத்தால் படிவு உட்படலத்தோடு ஒரே துண்டாகக் கழன்று வரும். ஆகவே ‘தமனி உட்சுவர் உரிப்பு’ என்பதே எங்கள் தேர்வு. 1946இல் லிஸ்பனில் ஜுவாவ் சித் தோஸ் சாந்தோஸ் கால் தமனியில் இதைச் செய்தார். கழுத்தில் 1953இல் ஹியூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி செய்தார், ஆனால் வெளியிட்டது 1975இல்தான். 1954இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் நடந்து, அதே ஆண்டில் வெளியான சிகிச்சையில் நோயுற்ற பகுதியையே வெட்டி நீக்கி, முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள்.

கழுத்தின் பக்கத் தசையின் முன்விளிம்பை ஒட்டிக் கீறல். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கொடுத்த பிறகு இடுக்கிகள் போடப்படும். முதல் இடுக்கி மூளைக்குப் போகும் கிளைக்கு. பிறகுதான் பிரிவுக்குக் கீழேயுள்ள அடித்தமனிக்கும் முகக்கிளைக்கும். வரிசை மாறினால் அசைவில் பெயரும் துகள் மேலே போய்விடும். அந்தப் பக்கத்து ஓட்டம் நின்றதை மூளை தாங்குகிறதா என்று பார்க்க எளிய வழி, கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நோயாளியை விழிப்பில் வைத்து, எதிர்ப்பக்கக் கையில் சத்தம் எழுப்பும் ரப்பர் பொம்மையைக் கொடுத்து அழுத்தச் சொல்வது. சத்தம் நின்றால் உடனே ஷண்ட் எனும் சிறு குழாயைச் செருகி ஓட்டத்தைத் திருப்புவார்கள். உரித்த பிறகு மேல்முனையில் உட்படலம் படபடக்காமல் மெல்லச் சரிந்து முடிகிறதா என்று பார்த்து, வேண்டுமானால் இரண்டு மூன்று தையலால் சுவரோடு பிடித்துவைப்பார்கள். அப்படியே தைத்தால் குழாய் மறுபடி குறுகும் என்பதால் கால் சிரைத் துண்டு, செயற்கைத் துணி அல்லது மாட்டு இதய உறையால் ஒட்டுப்போடுவது வழக்கம். இடுக்கிகளை எடுக்கும்போது முகக்கிளை முதலில், பிறகு அடித்தமனி, சில நொடிகள் கழித்தே மூளைக்கிளை. மிஞ்சிய காற்றுக்குமிழியும் துணுக்கும் முகத்துப் பக்கம் போகட்டும். கன்னம் தாங்கும், மூளை தாங்காது.

கெட்டுப்போவது பெரும்பாலும் அக்கம்பக்கத்து நரம்புகளில். நாக்கை நீட்டினால் அறுவை செய்த பக்கம் கோணும், குரல் கரகரக்கும், வாயோரம் தொங்கும், காதுமடல் மரக்கும். பல நரம்புகள் இழுபட்டிருக்குமே தவிர அறுந்திருக்காது, சில மாதங்களில் மீளும். அவசரமானவை இரண்டு. முதலாவது, முதல் நாளில் கழுத்து வீங்கி மூச்சுத் திணறுவது. உள்ளே தேங்கிய ரத்தம் மூச்சுக்குழாயை அழுத்துகிறது; படுக்கையிலேயே தையலைப் பிரிக்க வேண்டிவரும். இரண்டாவது, சில நாள் கழித்து அறுவை நடந்த பக்கமாகக் கடும் தலைவலி, உயர் ரத்த அழுத்தத்துடன். நெடுநாள் குறைந்த ஓட்டத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென வெள்ளம்போல் ரத்தம் வந்த நிலை அது. வலிப்புக்கும் ரத்தக்கசிவுக்கும் போகலாம். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இந்தத் தலைவலி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஸ்டென்ட் என்பது ஓர் ஆளின் பெயர். சார்ல்ஸ் ஸ்டென்ட், 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பல் மருத்துவர். பல் அச்சு எடுக்க அவர் செய்த மெழுகு போன்ற கலவையை, முதல் உலகப்போர்க் காலத்தில் டச்சு அறுவை மருத்துவர் யோஹன்னஸ் எஸ்ஸர் ஒட்டுத்தோலைப் புண்ணோடு பிடித்துவைக்கப் பயன்படுத்தினார். அப்படிப் பிடித்துவைப்பது எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பரவி, பின்னர் ரத்தக்குழாய்க்குள்ளும் போய்ச் சேர்ந்தது. ‘தாங்குவலை’ என்றால் வரலாறும் வேலையும் சேர்ந்து வந்துவிடுகின்றன: கழுத்தில் அதன் முக்கியப் பணி, துகள் உதிராமல் படிவைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது. மக்கள் சொல்லும் ‘ஸ்பிரிங்’ இளக்காரமான சொல் அல்ல. இதயத்தில் வைப்பது பொதுவாக பலூன் விரித்த அளவிலேயே நின்றுவிடும். கழுத்தில் வைப்பது நிக்கல்-டைட்டானியக் கலப்பான நிட்டினால். நசுங்கினாலும் தானே விரியும். தலையைத் திருப்பும், காலர் இறுக்கும், விரல் அழுத்தும் இடத்தில் பலூன் வகை நசுங்கினால் நசுங்கியபடியே கிடக்கும். ஆகவே ஸ்பிரிங் என்ற பெயர் நெஞ்சைவிடக் கழுத்துக்கே பொருத்தம்.

தொடையிலோ மணிக்கட்டிலோ நுழைந்து, குறுகலைத் தாண்டிக் குடை போன்ற வடிகட்டியை விரித்து, சிறு பலூனால் வழி செய்து, வலையை விட்டு, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் பலூனால் அழுத்துவார்கள். அப்போது ரூஃபஸ் சொன்ன நரம்பு விழித்துக்கொள்ளும்: துடிப்பும் அழுத்தமும் சரியும். துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து கையருகே இருக்க வேண்டும். கடைசியில் சேர்ந்த துகளோடு வடிகட்டியை மூடி எடுப்பார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் முன்பே தொடங்கி, பிறகும் குறைந்தது நான்கு வாரம் இரண்டும் சேர்ந்து. அதன்பின் பொதுவாக ஒன்று மட்டும், வாழ்நாள் முழுக்க. பல் பிடுங்கவேண்டும் என்று இதைத் தானாக நிறுத்தி வலையில் ரத்தம் உறைய விடுவது தவிர்க்கக்கூடிய விபத்து.

எது யாருக்கு? வலையையும் உரிப்பையும் ஒப்பிட்டு 2010இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில் 2502 பேர். சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் வலையில் 4.1 சதவீதம், உரிப்பில் 2.3. மாரடைப்போ நேர்மாறு: 1.1, 2.3. சுமார் 70 வயதைத் தாண்டியவருக்கு உரிப்பே மேல். முதிர்ந்து வளைந்த பெருந்தமனியில் கம்பி உரசிப் போவதே துகளை உதிர்க்கும். முன்பே கழுத்தில் அறுவையோ கதிர்வீச்சோ நடந்திருந்தால், அல்லது இதயம் மயக்கமருந்தைத் தாங்காது என்றால் வலை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை விடுவது ஆகிய மூன்றும் இரு தரப்பாருக்கும் பொது. அறிகுறியே இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த குறுகலுக்கு, பலருக்கு இவையே போதும்.

அறிகுறி வந்தவர் கதை வேறு. மருந்தையும் உரிப்பையும் ஒப்பிட்ட 1991இன் நாசெட் எனும் வட அமெரிக்க ஆய்வில், 70 சதவீதத்துக்கு மேல் குறுகி அறிகுறியும் இருந்தவர்களில் மருந்து மட்டும் எடுத்தோரில் 26 சதவீதத்தினருக்கு இரண்டே ஆண்டில் அதே பக்கத் தமனியால் பக்கவாதம் வந்தது. உரிப்பு செய்தோரில் 9 சதவீதத்தினருக்கு. அறிகுறி என்பது ஒரு கண்ணில் திரை இறங்கி ஐந்து நிமிடத்தில் விலகுவதாக இருக்கலாம், ஒரு கை சோர்ந்து மீள்வதாக இருக்கலாம். கண் என்றால் நோய் அதே பக்கத் தமனியில், கை என்றால் எதிர்ப்பக்கத் தமனியில். மினி ஸ்ட்ரோக் என்கிறார்கள். ‘வந்து போன வாதம்’ என்றால் இன்னும் தெளிவு. ‘தானா சரியாயிடுச்சு’ என்று சொல்லும் அந்த நாளே முதல் நாள். உரிப்போ வலையோ, பதினான்கு நாளுக்குள் செய்தால்தான் முழுப் பலன்.